முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே அன்னாள்

என் அக்கா அன்னாளைப் பற்றிக் கேட்டால் ஊரில் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். பொறுமைசாலி, அதிர்ந்து பேசாதவள், பூசைக்குத் தவறாதவள். கல்லறையிலும் அப்படித்தான் ஏதோ செதுக்கி வைத்திருக்கிறார்கள். பொறுமையாவது மண்ணாவது! நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தவள் அவள். பேசிப் பேசித் தொண்டை கட்டி, மிளகைக் கடித்துக்கொண்டு படுத்தவள். சேலம் செவ்வாய்பேட்டையில் எங்கள் அப்பா விட்டுப்போன வீட்டில் நடந்த பல் வைத்தியக் கடை அவள் நாக்கில்தான் ஓடியது. அதைச் சொல்ல வேண்டிய இரண்டு பேரும் சொல்ல மாட்டார்கள். அதனால் அவள் தங்கை வேளாங்கண்ணி, நான் சொல்கிறேன்.

அந்த இரண்டு பேரில் ஒருவர் எங்கள் அண்ணன் சூசைமாணிக்கம். இன்னொருவர் அக்காவின் புருஷன் தோமினிக், எனக்கு மாமா.

அண்ணன் கல்கத்தாவுக்குப் போய்ப் பல் வைத்தியம் படித்தவர். படித்தவர் என்றால் பாதி. அவர் படித்த இடத்தில் முதல் இரண்டு வருஷம் புத்தகம், எலும்பு, நரம்பு, பிணத்தை அறுத்துப் பார்ப்பது. அது முடிந்த பிறகுதான் உயிரோடு இருக்கிற ஒருவன் வாயைத் திறந்து காட்டுவார்களாம். முதல் பாதியில் அண்ணன் புலி. இரண்டாவது பாதி தொடங்குவதற்குள் அப்பா போய்ச் சேர்ந்தார். அண்ணனுக்கும் விஷக்காய்ச்சல் கண்டு, பிழைத்தால் போதும் என்று ஊருக்கு வந்துவிட்டார். தகரப் பெட்டிக்குள் ஒரு மண்டையோட்டையும் கொண்டுவந்தார். அம்மா அலறியடித்துக்கொண்டு சாமியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிக்கச் சொன்னாள். அக்கா மட்டும்தான் அதைத் தொட்டுத் துடைத்தாள். அதற்குப் 'பெரியவர்' என்று பெயரும் வைத்தாள்.

மாமா பெங்களூர்ப் பட்டாளத் தண்டில் ஒரு வெள்ளைக்காரப் பல் டாக்டரிடம் எடுபிடியாக இருந்தவர். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். குறடு வாய்க்குள் போனது தெரியாது, பல் தட்டில் விழுந்திருக்கும். அப்படி ஒரு கை. ஆனால் அந்தப் பல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது, சிலருக்கு ஏன் ரத்தம் நிற்பதில்லை, சிலருக்குப் புண் ஏன் ஆறுவதில்லை என்று கேட்டால், "ஆண்டவர் சித்தம்" என்பார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவர் ஆசைப்பட்டதில்லை.

1933இல் கடை போட்டார்கள். வாசல் பலகையில் 'கல்கத்தாவில் பயின்ற' என்று அண்ணன் பெயர், உள்ளே மாமாவின் கை. கொஞ்ச காலம் நன்றாகத்தான் போனது. ஒருநாள் ஓமலூரிலிருந்து காளியண்ணன் என்ற பண்ணையக்காரர் பல்வலியோடு வந்தார். மாமா குறடை எடுத்தபோது அண்ணன் சும்மா இருந்திருக்கலாம். "பாத்து மாப்ளே, அடியிலே நரம்பு ஓடுது. அதிலே பட்டா அவருக்கு ஒதடு மரத்துப்போயிரும்" என்று அவர் காதில் விழும்படி சொல்லிவைத்தார். காளியண்ணன் பதறிப்போய் எழுந்துவிட்டார். மாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "அப்ப நீங்களே எடுங்க மச்சான்" என்று குறடை அண்ணன் கையில் திணித்தார். அண்ணனும் வீம்புக்கு வாங்கிக்கொண்டார். உயிருள்ள வாய்க்குள் அவர் கை போனது அதுதான் முதல் தடவை. குறடை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தார். பல்லின் தலை மட்டும் உடைந்து வந்தது. காளியண்ணன் போட்ட கூச்சலில் எதிர்ச்சாரி வெல்ல மண்டியிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் மாமா சிரித்தார்.

"பொணத்துக்குப் பல் பாக்கத்தான் படிச்சிருக்காரு எங்க மச்சான். உசுரோட இருக்கறவங்களுக்கு இல்லீங்க."

"நீ மாட்டுக்கு லாடம் அடிக்கப் போடா! மனுசன் வாயிலே உனக்கு என்ன வேலை?" என்றார் அண்ணன்.

அன்றோடு பேச்சு விட்டுப்போயிற்று.

எங்கள் பக்கத்தில் பேச்சை விடுவது என்றால் லேசுப்பட்ட காரியமில்லை, அதற்கு முறை உண்டு. வீட்டைவிட்டுப் போக மாட்டார்கள். ஒரே சோற்றுப் பானை, ஒரே கிணறு. ஒருவர் சொல்வது மற்றவருக்கு வீட்டுப் பெண்பிள்ளை வழியாகத்தான் போக வேண்டும். நேராகவே காதில் விழுந்தாலும் விழாத மாதிரி நிற்க வேண்டும். அவள் வந்து திரும்பச் சொன்ன பிறகுதான் பதில். எவன் முதலில் நேரே பேசுகிறானோ அவன் தோற்றவன். இந்த மானங்கெட்ட விளையாட்டைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு வைத்தியம் பார்த்தது எங்கள் வீட்டில் மட்டும்தான்.

கடையைப் பிரித்துத் தொலைத்திருக்கலாம். அண்ணனுக்குக் கை கிடையாது, மாமாவுக்குப் பலகை கிடையாது, எங்கே போவார்கள்? நடுவில் ஒரு துணித் திரையைக் கட்டினார்கள். முன்னறையில் அண்ணன் மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்த்து, இன்ன பல், இன்ன வியாதி என்று சொல்வார். பின்னறையில் மாமா நாற்காலியோடு நின்று அதைச் செய்வார். திரையை விலக்கிக்கொண்டு போவதும் வருவதும் அக்கா.

முதலில் சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோனாள். பிறகு திட்டுகளை வடிகட்டினாள். "அந்தக் கொல்லன்கிட்டச் சொல்லு, சாமானை வெந்நீர்ல கொதிக்க வெக்கச் சொல்லி" என்பார் அண்ணன். திரைக்கு அந்தப் பக்கம் போனதும் அது, "ஏனுங்க, சாமானையெல்லாம் கொதிக்க வெச்சா புண்ணு சீக்கிரம் ஆறுமாம். நானே வெச்சுத் தர்றேன்" என்று ஆகிவிடும். மாமா முறைப்பார். அவள் அதற்குள் குறடுகளை அள்ளிப் புட்டுப் பானையில் போட்டிருப்பாள்.

பிறகு அவளுக்கே ஆர்வம் வந்துவிட்டது. அண்ணன் சொல்லும் இங்கிலீஷ்ப் பெயர்கள் மாமாவுக்குப் புரியாது, அவளுக்கும் புரியாது. அதனால் பெரியவரை மடியில் வைத்துக்கொண்டு, "இது எங்கே ஓடுது? எதுக்குள்ளே நுழையுது?" என்று அண்ணனைக் குடைவாள். புரிந்ததும் அவளே ஒரு பெயர் வைப்பாள். நரம்பு அவளுக்குக் கம்பி. தாடை ஓரத்தில் விரல் வைத்தால் தட்டுகிறதே, அந்த ரத்தக் குழாய் துடிப்பு. நாக்குக்கு அடியில் வாயைத் தாங்கிப் பிடித்திருக்கும் தசையைத் தூளி என்பாள். பிள்ளையைப் போடும் தூளி மாதிரிதான் அது இருக்கிறதாம். அவளுக்குப் பிள்ளை இல்லை.

ஊசி வந்த கதையைச் சொல்ல வேண்டும். மரக்கவைக்கும் மருந்தை மாமா பல்லைச் சுற்றி ஈறில் குத்துவார். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு அது பிடிக்காது, ஆட்கள் கத்துவார்கள். ஏன் பிடிக்கவில்லை என்று அக்கா முன்னறைக்கு வந்து கேட்டாள். கம்பி தாடை எலும்புக்குள் ஓடுகிறது, அது நுழையும் வாசலில் மருந்தைப் போட்டால்தான் மரக்கும் என்று அண்ணன் பெரியவரின் தாடையில் உட்பக்கத்து ஓட்டையைக் காட்டினார். அவள் அதில் தன் விரலை வைத்து வைத்து எடுத்தாள். அன்று நாற்காலியில் இருந்தது புதுச்சத்திரத்து உண்ணாமலை. அக்கா கையைக் கழுவிக்கொண்டு அவள் வாய்க்குள் விரலை விட்டு எலும்பைத் தடவினாள். "இங்கே குத்துங்க. இன்னும் கொஞ்சம் உள்ளே. எலும்பு தட்டுதா? அங்கேதான்." மாமா குத்தினார். கொஞ்ச நேரத்தில் பல் தட்டில் விழுந்தது. உண்ணாமலை வாயைத் திறந்தபடியே, "எப்பங்க அம்மிணி புடுங்குவீங்க?" என்று கேட்டாள்.

அக்கா சிரித்த சிரிப்பு தெருவுக்குக் கேட்டது. அன்று சாயங்காலம் முன்னறையில் அண்ணன், "என் படிப்பு" என்றார். பின்னறையில் மாமா, "என் கை" என்றார். இரண்டு பேருக்கும் காபி கொண்டுபோய்க் கொடுத்தது அவள்தான்.

அதற்குப் பிறகு வருகிறவர்கள், "அம்மா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் படியேறினார்கள். அவர்களிடம் அவளே முதலில் கேட்டுவிடுவாள். அடிக்கடி தாகம் எடுக்குதா சாமி? முன்னே பல்லு எடுத்தப்ப ரத்தம் நின்னுச்சா? ஒருமுறை சின்னான் என்ற நெசவாளி தாடைக்கு அடியில் வீங்கி, நாக்கு மேலே தூக்கி, எச்சில் ஒழுக வந்தான். சீழ் தூளியைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்குகிறது, தாமதித்தால் மூச்சு அடைத்துவிடும் என்று அண்ணன் சொன்னார். அக்கா அவனைப் பின்னறைக்கே அனுப்பவில்லை, வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அங்கே தாடைக்கு அடியில் வெளிப்பக்கமாக அறுத்துச் சீழை இறக்கினார்கள். பிழைத்துவந்து அவன் தழும்பைக் காட்டியபோது, அதைத் தொட்டுப் பார்த்து, எங்கே, எவ்வளவு நீளம் என்று அண்ணனிடம் விவரமாகக் கேட்டுக்கொண்டாள். மாமா அன்று கடையில் இல்லை.

இப்படி எட்டு வருஷம். அவர்கள் பேசவில்லை. இரண்டு பேரும் அவரவர் பாதியோடு அப்படியே இருந்தார்கள். முழுசாகப் படித்தது அவள் ஒருத்திதான், அவளுக்குப் பலகையும் இல்லை, குறடும் இல்லை.

1941இல், ஐப்பசி மழையில் அவளுக்கே பல் வலித்தது. கீழே, கடைசிப் பல். யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், பின்னால் வேலைக்காரி அங்காளம்மாள் சொன்னாள். "புருஷன்கிட்டச் சொன்னா ஒடனே எடுக்கோணும்பாரு. அண்ணன்கிட்டச் சொன்னா வீக்கம் வடியட்டும்பாரு. யாரு பேச்சக் கேட்டாலும் இன்னொருத்தருக்கு ஆகாது. ரெண்டு நாள்ல தானாப் போயிரும்" என்றாளாம். ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொன்னவள் தன் வாயை மூடிக்கொண்டாள். கிராம்பை வைத்து அடக்கிக்கொண்டு அங்கும் இங்கும் நடந்திருக்கிறாள். பாவி மகள்!

அப்போது நான் அஸ்தம்பட்டிப் பக்கம் கன்னியர் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. செவ்வாய்க்கிழமை காலையில் பால்காரன் தகவல் சொன்னான். ஓடினேன். பின்னறையில் நோயாளிகள் உட்காரும் அந்த நாற்காலியில் அக்காவைச் சாய்த்து வைத்திருந்தார்கள். தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கட்டை மாதிரி வீக்கம். நாக்கு மேலண்ணத்தை முட்டிக்கொண்டிருந்தது. எச்சில் வழிந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். வெறும் சத்தம்தான் வந்தது.

திரைக்கு இந்தப் பக்கம் அண்ணன் நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வேளா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லு அந்த ஆளை."

போய்ச் சொன்னேன். மாமா வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். "அவரு சொன்னாப் போயிரணுமா? என் பொண்டாட்டி பல்லுக்கே நான் ஆஸ்பத்திரிக்குப் போனா, நாளைக்கு எவன் இந்த நாற்காலியிலே உக்காருவான்? சூடு காட்டினா ஒடையும். எத்தனை பாத்திருக்கேன்."

"அண்ணா, நீ வாயேன்! நீயே தூக்கிக்கிட்டுப் போலாம் வா!" என்று கத்தினேன்.

"கட்டினவன் பக்கத்திலே நிக்கறப்ப நான் எப்படித் தூக்கறது? அவன் சொல்லட்டும்."

தலையில் அடித்துக்கொண்டேன். உச்சிப்பொழுதுக்குள் அவள் மூச்சு கரகரவென்று இழுத்தது. அண்ணன் திரையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: இனி நேரமில்லை, இங்கேயே அறுக்க வேண்டும், வெளிப்பக்கம், தாடைக்கு அடியில். பிறகு இங்கிலீஷில் தசையின் பெயர், குழாயின் பெயர். நான் அதில் பாதியைத் தொலைத்துவிட்டு மாமாவிடம் ஓடினேன். "கழுத்துலயா? எவ்வளவு ஆழம்? ரத்தக் குழாய் எந்தப் பக்கம்?" என்றார் மாமா. நியாயமான கேள்விதான். திரும்ப ஓடினேன். அண்ணன் மறுபடியும் இங்கிலீஷ். இரண்டு பேருக்கும் நடுவில் பத்தடி இருக்குமா? அந்தப் பத்தடியைக் கடக்க என்னிடம் சொல் இல்லை. அந்தச் சொற்களையெல்லாம் வைத்திருந்தவள் நாற்காலியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள்.

அப்போது அக்கா மாமாவின் கையைப் பிடித்தாள். அவர் ஆள்காட்டி விரலைத் தன் தாடை ஓரத்தில் வைத்து, துடிப்பு தட்டுகிற இடத்தைத் தொட்டுக் காட்டி, வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு விரலை இறக்கி, மோவாய்க்கு அடியில் நடுவில் வைத்து ஒரு கோடு இழுத்தாள். திரும்பவும் இழுத்தாள். கண்ணாலேயே கெஞ்சினாள்.

மாமா, "அங்கேதான் வலிக்குதா கண்ணு?" என்று கேட்டு அழுதார்.

அண்ணன் அதைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது, எனக்கே புரிந்தது. "வேளா, அவ காட்டற எடம்தான். அங்கேதான் அறுக்கணும், சொல்லு அவன்கிட்ட" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவருக்கே பொறுக்காமல் திரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்து, "அறுடா!" என்று கத்தினார்.

எட்டு வருஷத்தில் முதல் சொல். மாமா கத்தியை எடுத்தார். எடுத்தவர் அதோடு அறுத்திருக்கக் கூடாதா? அண்ணனை ஏற இறங்கப் பார்த்து, "யாரை 'டா' போடறே?" என்றார்.

நான் பொய் சொல்லவில்லை, சேசு சாமி மேல் ஆணை. அவள் மூச்சு இழுத்துக்கொண்டு கிடக்க, அவர்கள் காளியண்ணன் பல்லிலிருந்து ஆரம்பித்தார்கள். யார் முதலில் சிரித்தது, யார் முதலில் வைதது. சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினார்கள். அக்கா கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். அந்தக் கத்தியைத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

நான் தெருவுக்கு ஓடி ஜட்கா பிடித்து, வண்டிக்காரனும் நானுமாக அவளைத் தூக்கி ஏற்றினோம். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் பின்னால் ஓடிவந்தார்கள். செவ்வாய்ச் சந்தை. வெல்ல வண்டி, பருத்தி வண்டி, மாடு, மனிதர், நகர இடமில்லை. "வழி விடுங்கய்யா!" என்று கத்திக் கத்தி என் தொண்டை போயிற்று. வண்டி தெருமுனை திரும்புவதற்குள் என் மடியில் அவள் அடங்கிவிட்டாள். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "அடியிலே ஒரு கீறல் போட்டிருந்தாக்கூட மூச்சு வந்திருக்குமே. உங்க வீட்டிலேயே பல் டாக்டர் இருக்காங்கன்னு சொன்னீங்களே?" என்று கேட்டார். மாமா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மாமாவைப் பார்த்தார். நான் இரண்டு பேரையும் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்தது. குழிமேட்டில் ஆளுக்கொரு பக்கம் நின்று மண் போட்டார்கள். மறுபடியும் பேச்சு இல்லை.

முப்பதாம் நாள் பூசை ஆன கையோடு உபதேசியார் என்னைத் தேடி அஸ்தம்பட்டிக்கு வந்தார். கனைத்துக் கனைத்து விஷயத்துக்கு வந்தார். தோமினிக் சொல்லி அனுப்பினாராம். அக்காள் புருஷனைத் தங்கை கட்டிக்கொள்வது ஊரில் நடப்பதுதான், பிஷப்பிடம் உத்தரவு வாங்கிக்கொள்ளலாம், நீயும் இன்னும் எத்தனை நாள் தனியாக இருப்பாய் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அந்த வாரமே அண்ணன் தானாக வந்தார். அவரும் அதே பேச்சு. இரண்டு பேரும் கலந்து பேசவில்லை என்று கோயிலில் வைத்துச் சத்தியம் செய்வேன். எட்டு வருஷத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றுதான்.

"கடை படுத்துப்போச்சு வேளா. வர்றவங்க எல்லாம் அம்மா இல்லையான்னு கேட்டுட்டுப் போயிடறாங்க. நான் சொல்றதை அங்கே எடுத்துச் சொல்ல ஆளில்லே. நீ படிச்சவ, சீக்கிரம் புடிச்சுக்குவே. இங்கிலீஷ்ப் பேரெல்லாம் நான் சொல்லித் தர்றேன்."

"உனக்குக் கால் இல்லையா அண்ணா? எட்டி வெச்சு அந்த ரூமுக்குப் போய்ச் சொல்ல முடியாதா?"

"அவன் மொதல்ல பேசட்டும்."

அழுகை வந்தால் அவர் எதிரில் தோற்றுவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"சரி அண்ணா. வந்து நிக்கறேன்னே வெச்சுக்க. அவளுக்கு வீங்கின மாதிரி எனக்கும் ஒருநாள் வாய் வீங்குச்சுன்னா? அன்னிக்கு யார் வந்து உங்களுக்கு எடுத்துச் சொல்லுவா?"

அண்ணன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, முன்னறை மேசையில் உட்கார்ந்து சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"அதெல்லாம் வராது வேளா. சாப்பிட்டதும் உப்புத் தண்ணியிலே நல்லாக் கொப்பளிச்சுட்டா போதும்."